வாங்காத பணம்

எங்கள் நால்வரில் ஒருவனுக்கு எக்செல் என்றே பெயர். கல்லூரியில் ஹாஸ்டல் மெஸ் கணக்கைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பெயர்தான். ஊர் சுற்றப் போகலாம் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அன்றிரவே ஷீட் வந்துவிடும். சென்ற ஜூனில் மின்னியாபொலிஸிலிருந்து சவுத் டகோட்டாவுக்கும் வயோமிங்குக்கும் நான்கு நாள் போய்வந்தோம். அந்த ஷீட்டில் ‘நிற்கும் நேரம்’ என்று ஒரு பத்தி இருந்தது. பேட்லேண்ட்ஸ் மூன்று மணி நேரம், மவுண்ட் ரஷ்மோர் இரண்டு மணி நேரம், கிரேஸி ஹார்ஸ் ஒன்றேகால் மணி நேரம், டெவில்ஸ் டவர் இரண்டு மணி நேரம். புளியோதரை எந்த வேளைக்கு, தயிர்சாதம் எந்த வேளைக்கு என்பதற்குத் தனிப் பத்தி.

மற்ற இருவரில் ஒருவன் வக்கீல். படித்தது மெக்கானிக்கல்தான். ஆனால் எந்தப் பேச்சிலும் எதிர்த்தரப்புக்கு ஆள் இல்லையென்றால் இவன் போய் உட்கார்ந்துகொள்வான். இன்னொருவர் எங்களுக்கு நான்கு வருடம் சீனியர், தூத்துக்குடிக்காரர், அண்ணாச்சி. வண்டி ஓட்டியது பெரும்பாலும் அவர்தான். வாடகைக்கு எடுத்த மினிவேன், பின்னால் ஒரு ரைஸ் குக்கர், இளையராஜா. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களின், இளமை முடியப்போகிறவர்களின் பயணம் எப்படியிருக்குமோ அப்படித்தான் அதுவும் இருந்தது.

இதை ஒரு பயணக் கட்டுரையாக எழுத நினைத்துத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அந்த நான்கு நாளில் ஒரு கேள்வி வந்து மாட்டிக்கொண்டது. தனக்குச் சேர வேண்டிய பணத்தை, அதுவும் வறுமையில் இருப்பவர்கள், வாங்க மாட்டேன் என்று சொல்வது அறிவா, முட்டாள்தனமா, வேறு ஏதாவதா? இந்தக் கேள்வி எனக்கு ஏன் வெறும் கேள்வியாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கு முதலில் அந்த மலைக்குப் போகவேண்டும்.

மின்னசோட்டாவின் தெற்கு ஓரத்தில் ஐ-90 சாலையைப் பிடித்துவிட்டால் அப்புறம் மேற்கே ஒரே கோடுதான். மக்காச்சோளம், சோயா, மறுபடியும் மக்காச்சோளம். சேம்பர்லின் என்ற ஊரில் மிசௌரி ஆற்றைத் தாண்டுகிறோம். அதுவரை உழுத நிலம், அதற்கப்பால் புல்வெளி. ஆற்றின் மேட்டில் 50 அடி உயரத்தில் ஒரு பெண்ணின் உலோகச் சிலை. நட்சத்திரக் கோலமிட்ட போர்வையை இரு கைகளாலும் பின்னால் விரித்துப் பிடித்து நிற்கிறாள். 2016-இல் வைத்த சிலை, பெயர் ‘டிக்னிட்டி’. நாங்கள் அங்கே கழிப்பறைக்காக நின்றோம். ஆற்றுக்கு மேற்கே இருந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் யாருக்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதன்பின் சாலையோரம் முழுக்க ‘வால் டிரக்’ என்ற கடையின் விளம்பரப் பலகைகள். 1930-களின் பஞ்ச காலத்தில், வழிப்போக்கர்களுக்கு ஐஸ் தண்ணீர் இலவசம் என்று பலகை வைத்துப் பிழைத்த சின்ன மருந்துக்கடை, இன்று ஒரு தெருவையே அடைத்து நிற்கிறது. காபி இன்னமும் 5 சென்ட். அண்ணாச்சி நான்கு கப் குடித்தார்.

மறுநாள் சாயங்காலம் ரஷ்மோர். நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்த 10 டாலர். மாநிலக் கொடிகள் வரிசைகட்டிய நடைபாதை. அதன் முடிவில், பாடப் புத்தகத்திலும் சினிமாவிலும் சாக்லேட் டப்பாவிலும் பார்த்துப் பழகிய அந்த நான்கு முகங்கள்: வாஷிங்டன், ஜெபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மெய்சிலிர்த்தது. நான் இன்ஜினியர். ஒவ்வொரு முகமும் 60 அடி. 1927-இல் தொடங்கி 1941-இல் நின்ற வேலை. ஏறக்குறைய நானூறு பேர் உழைத்திருக்கிறார்கள், பாறையின் பெரும்பகுதியை வெடிவைத்தே செதுக்கியிருக்கிறார்கள். சிற்பி குட்சன் போர்க்லம் ஸ்டுடியோவில் ஒரு மாதிரி செய்து வைத்துக்கொண்டு, அதில் ஓர் அங்குலம் என்றால் மலையில் ஓர் அடி என்று கணக்கிட்டு, தலையுச்சியில் கோணமானி போன்ற ஒரு கருவியை நட்டு, குண்டுநூல் விட்டு அளவெடுத்திருக்கிறார். ஜெபர்சனை முதலில் வாஷிங்டனுக்கு அந்தப் பக்கம்தான் செதுக்கத் தொடங்கினார்கள். பாறை சரியில்லை என்று தெரிந்ததும் ஒன்றரை வருட வேலையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, இந்தப் பக்கம் புதிதாக ஆரம்பித்தார்கள். மென்பொருளில் ஒரு வாரக் கோடைத் தூக்கிப்போடவே எங்களுக்கு மனசு வராது. வேலை நடந்த காலத்தில் ஒரு தொழிலாளிகூட விபத்தில் சாகவில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

இருட்டியதும் ஒரு சடங்கு. குறும்படம், தேசிய கீதம், விளக்கொளியில் முகங்கள். முன்னாள் ராணுவத்தினர் மேடைக்கு வந்து கொடியை இறக்கினார்கள். நாங்களும் எழுந்து நின்றோம். அண்ணாச்சி கையில் பாதி தின்ற ஜெபர்சன் ஐஸ்கிரீம். ஜெபர்சன் எழுதிவைத்த செய்முறையில் செய்தது என்று அங்கே விற்கிறார்கள்.

மோட்டலுக்குத் திரும்பி, ரைஸ் குக்கரின் ஆவியில் புகை அலாரம் அடித்துவிடக் கூடாதே என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ரசம்சாதம் சாப்பிடும்போதுதான், போனில் எதையோ படித்துக்கொண்டிருந்த எக்செல், “டேய், இந்த மலைக்குக் கேஸ் நடந்திருக்குடா, நூறு கோடி டாலர் யாரும் தொடாம கிடக்கு” என்றான்.

அன்றிரவும் பிறகு ஊருக்கு வந்தும் படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1868-இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசுக்கும் சூ இனத்தாருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. லகோட்டாக்கள் சூ இனத்தின் ஒரு பெரும் பிரிவு. மிசௌரிக்கு மேற்கே, இன்றைய சவுத் டகோட்டாவின் பாதி, பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட, அவர்களுக்கு என்று எழுதப்பட்டது. வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பேர் கையெழுத்திட்டால் ஒழிய அதில் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுத்தது செல்லாது என்று ஒரு ஷரத்தும் இருந்தது. 1874-இல் கஸ்டரின் படை அந்த மலைகளுக்குள் போய்த் தங்கம் இருப்பதைச் சொன்னது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் புகுந்தார்கள். 1876-இல் போர், லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் சாவு. அதே வருடம் நாடாளுமன்றம், மலையைக் கொடுக்கும் வரை உங்களுக்கு ரேஷன் கிடையாது என்று சட்டம் போட்டது. எருமைக் கூட்டம் அழிந்து, அரசு போடும் ரேஷனில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கப் போனார்கள். அப்படியும் பத்தில் ஒருவர்தான் போட்டார். அதை வைத்துக்கொண்டே 1877-இல் மலையை எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்த ஹோம்ஸ்டேக் என்ற ஒரே சுரங்கத்திலிருந்து மட்டும், 2002-இல் மூடும் வரை, சுமார் 4 கோடி அவுன்ஸ் தங்கம் வந்தது.

சூ மக்கள் பல பத்தாண்டுகள் வழக்கு நடத்தினார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அரசு செய்தது தவறு, ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1877 மதிப்பில் 1 கோடியே 71 லட்சம் டாலர், அதற்கு வருடம் 5 சதவீதம் வட்டி, சேர்த்து 10 கோடி டாலருக்குச் சற்று மேல். சூ மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மலை விற்பனைக்கில்லை, எங்களுக்கு மலைதான் வேண்டும் என்றார்கள். பணம் அரசின் கணக்கிலேயே வட்டி போட்டு வளர்ந்து இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் லகோட்டாக்கள் வாழும் பைன் ரிட்ஜ் பகுதி, அமெரிக்காவின் மிக ஏழ்மையான இடங்களில் ஒன்று. நாங்கள் இருந்த மோட்டலிலிருந்து இரண்டு மணி நேர வண்டித் தூரம்.

“தனிவட்டி போட்டு ஏமாத்திருக்கானுங்க” என்றான் எக்செல். உடனே கணக்குப் போட்டான். “கூட்டுவட்டின்னா அப்பவே 260 கோடி வரும். சரி, அது போகட்டும். வர்றத வாங்கி முதலீடு பண்ணியிருந்தா இன்னைக்கு ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டியிருக்கலாம்ல? வாங்காததால யாருக்கு லாபம்? பட்டினி கிடக்கிற குழந்தைகிட்ட போய் கொள்கை பேசுவியா?”

இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. கொள்கைக்கு விலை கொடுப்பவர்களும் கொள்கையை முடிவு செய்பவர்களும் எப்போதும் ஒரே ஆட்களாக இருப்பதில்லை. 1980-இல் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு, 2020-இல் பிறக்கும் குழந்தையின் சார்பில் அப்படிச் சொல்ல என்ன உரிமை? ஆனால் எக்செல்லின் கணக்கையே கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். 100 கோடியை ஒரு லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பத்தாயிரம் டாலர். அந்த மக்கள் தொகை ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு பழைய கார் வாங்கலாம். கார் ஓடித் தேய்ந்துவிடும். அப்புறம் மலையும் இருக்காது, மலை எங்களுடையது என்ற வாக்கியமும் இருக்காது. பணத்தை வாங்கியவர்களுக்கு அதற்குமேல் சட்டத்தில் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

விலைக்கும் ஈட்டுத்தொகைக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அன்றிரவுதான் புரிந்தது. விற்கும்போது, விலை பிடிக்கவில்லையென்றால் போய்யா என்று சொல்ல முடியும். அந்தச் சொல்தான் விற்பவரின் உரிமை. ஈட்டுத்தொகையில் பொருள் ஏற்கெனவே போயாயிற்று. தொகையை நிர்ணயிப்பதும் எடுத்தவர்களின் நீதிமன்றமே. பறிகொடுத்தவர் கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: ‘கணக்கு தீர்ந்தது’ என்று சொல்லுவதா வேண்டாமா என்பது. பணத்தை வாங்காதவர், கணக்கைத் திறந்தே வைத்திருக்கிறார். நூறு வருடமானாலும் எடுத்தவரின் பேரேட்டில் அந்த வரி மூடப்படாமல் நிற்கும்.

இதைச் சொன்னபோது வக்கீல் எழுந்து உட்கார்ந்தான். “சரி, அந்த மலை லகோட்டாக்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? பதினெட்டாம் நூற்றாண்டுலதான் கிழக்கேர்ந்து வந்திருக்காங்க. ஷையன், கயோவா ஆளுங்களத் தள்ளிவிட்டுட்டுப் பிடிச்சிருக்காங்க. அவங்க பிடிச்சா பூர்வீகம், இவன் பிடிச்சா திருட்டா?”

அவன் சொன்ன வரலாறு சரிதான். ஆனால் அதிலிருந்து அவன் எடுக்கும் முடிவு வரவில்லை. லகோட்டாக்கள் ஷையன்களுக்குத் தவறு செய்திருந்தால் ஷையன்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் லகோட்டாக்கள். நடுவில் வாஷிங்டனுக்கு உரிமை எங்கிருந்து முளைக்கும்? திருட்டுப் பொருளைத் திருடியவன் சொந்தக்காரனாகிவிட மாட்டான். இன்னொன்றும் இருக்கிறது. இந்த வழக்கு, ஆதியில் யார் வந்தார்கள் என்பதைப் பற்றியதே கிடையாது. 1868-இல் ஓர் அரசு கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குக் கொடுத்தது. ஒன்பது வருடத்தில் மீறியது. ‘உன் தாத்தா யாரையோ ஏமாற்றினார், அதனால் உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்ற வேண்டியதில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

“பாயிண்ட் ஒத்துக்கறேன்” என்றான் வக்கீல். “ஆனா நீ எதுக்குடா இவ்ளோ சூடாகுற?”

நான் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். தாத்தாவுக்கு ஏரிப் பாய்ச்சலில் கொஞ்சம் கழனி, மேட்டில் மூன்று ஏக்கர் கொல்லை. கொல்லையில் மல்லாட்டை போடுவார்கள். 1996-இல் தொழிற்பேட்டைக்காக அந்தக் கொல்லையை எடுத்தார்கள். அரசு சொன்ன தொகை, வரப்போரம் இருந்த நான்கு பனைமரத்துக்கே காணாது என்று தாத்தா சொல்வார். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாங்க மறுத்தால் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிடுவார்கள், அதுதான் அன்றைய சட்டம். எட்டு வருடம் அது அங்கேயே கிடந்தது. கம்பிவேலி போட்ட பிறகும் தாத்தா தினமும் காலையில் அதுவரைக்கும் நடந்து போய்விட்டு வருவார். ஊரில் அவரைப் பிழைக்கத் தெரியாத ஆள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூறு வாங்கிக்கொண்டிருந்த நானும் அதைத்தான் நினைத்தேன்.

2004-இல் எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பணம் புரளவில்லை. அப்பா ஒருநாள் ராத்திரி திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார். மறுநாள் இருவரும் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டார். என்னுடைய முதல் இரண்டு வருடக் கட்டணம் அந்தப் பணம். அதற்குப் பிறகு தாத்தா காலையில் கம்பிவேலிப் பக்கம் நடக்கப் போகவில்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 2007-இல் போய்விட்டார்.

ஆக, பணத்தை வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டலாமே என்ற எக்செல்லின் வாதத்துக்கு நானே நிரூபணம். தாத்தா பிடிவாதமாக இருந்திருந்தால் நான் இந்த மோட்டலில் உட்கார்ந்து ரசம்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அவர் வாங்கியது தவறு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவர் அன்று எதை விட்டுக்கொடுத்தார் என்பதைச் சொல்ல வார்த்தை கிடைத்தது இருபது வருடம் கழித்து, எட்டாயிரம் மைலுக்கு அப்பால், முன்பின் தெரியாத மக்களின் வழக்கைப் படித்தபோதுதான். கணக்கு தீர்ந்தது என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று, எனக்காக.

மறுநாள் காலை கிரேஸி ஹார்ஸ். ரஷ்மோரிலிருந்து பதினேழு மைல். லகோட்டாத் தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேர், எங்கள் மக்களிடமும் வீரர்கள் இருந்தார்கள் என்பது வெள்ளையர்களுக்குத் தெரியட்டும் என்று கேட்டுக்கொள்ள, கோர்சாக் ஜியோல்கவ்ஸ்கி என்ற சிற்பி 1948-இல் தொடங்கியது. அவர் 1982-இல் இறந்து, பிள்ளைகள் தொடர்ந்து, 1998-இல்தான் முகம் முடிந்தது. 87 அடிக்கும் மேல், ரஷ்மோர் முகங்களைவிடப் பெரியது. நீட்டிய கையும் குதிரையும் இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கின்றன. அரசு பணம் தர முன்வந்தும் வாங்கவில்லை. இங்கேயும் வாங்காத பணம்! ஆனால் லகோட்டாக்களிலேயே பலருக்கு இந்தச் சிலை பிடிக்காது. நிச்சயமாக அவருடையது என்று சொல்லக்கூடிய ஒரு புகைப்படம்கூட இல்லாத மனிதர் கிரேஸி ஹார்ஸ். அவர் முகத்தை, அவர் காக்கப் போராடிய மலையையே வெடிவைத்துச் செய்வது என்ன மரியாதை என்று கேட்கிறார்கள். பணத்தை மறுத்துவிட்டால் மட்டும் ஒரு செயல் சரியாகிவிடாது என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டெவில்ஸ் டவர். வயோமிங்கின் புல்வெளியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், 867 அடிக்கு நெட்டுக்குத்தாக ஒரு பாறை. பக்கவாட்டில் தூண் தூணாகக் கோடுகள். துரத்திவந்த கரடியிடமிருந்து சிறுமிகளைக் காப்பாற்றப் பாறை உயர்ந்தது, கரடியின் நகக் கீறல்தான் அந்தக் கோடுகள் என்று ஒரு கதை. லகோட்டா மொழியில் அதன் பெயருக்குக் கரடியின் வீடு என்று பொருள். 1906-இல் அமெரிக்காவின் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அதை அறிவித்தவர் தியோடர் ரூஸ்வெல்ட், முந்தின நாள் நாங்கள் பார்த்த நான்கு முகங்களில் ஒருவர்.

அடிவாரத்தைச் சுற்றி 1.3 மைல் நடைபாதை. மரக்கிளைகளில் அங்கங்கே சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணி முடிச்சுகள். வேண்டுதல்கள், தொட வேண்டாம் என்று பலகை. அண்ணாச்சி கும்பிட்டார். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் ஊர் வேப்பமரத்திலும் இதேதான்.

பாறை ஏறுபவர்களுக்கு இது பெயர்பெற்ற இடம். ஆனால் பழங்குடி மக்கள் சடங்குகள் செய்யும் ஜூன் மாதத்தில் ஏறாதீர்கள் என்று பூங்காவினர் 1995-இலிருந்து கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுக்கொள்ளத்தான் முடியும். ஜூனில் ஏற்றிக்கொண்டு போகும் வழிகாட்டிகளுக்கு உரிமம் தர மறுத்துப் பார்த்தபோது, அரசு ஒரு மதத்துக்குச் சாய்வது ஆகாது என்று வழக்குப் போய் அது நின்றுபோனது. விருப்பத்தின் பேரில் ஏறாதிருப்பது மட்டும் நிலைத்தது. சட்டம் தடுக்கவில்லை. தண்டனை இல்லை. இருந்தும் பெரும்பாலானவர்கள் ஜூனில் ஏறுவதில்லை. நாங்கள் போனது ஜூன். சுற்றி நடந்து முடிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தோம். மேலே ஒரு கயிறு தெரிந்தது, ஒரே ஒரு கயிறு. இரண்டு சின்ன உருவங்கள்.

“ஏறுறது அவங்க உரிமைதான?” என்றான் வக்கீல், வழக்கத்தைவிட மெதுவாக.

“உரிமைதாம்டே” என்றார் அண்ணாச்சி. “அதான் ஏறுதான். ஏறாதவனுக்கும் அந்த உரிமை உண்டும்லா. அவன் வேண்டாம்னு வச்சிருக்கான்.”

எனக்குத் திகைப்பாக இருந்தது. இரண்டு நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்தது பறிகொடுத்தவர் வாங்க மறுப்பதைப் பற்றி. இங்கே, எடுத்துக்கொண்டவர் பக்கத்திலிருந்து ஒருவன் மறுக்கிறான். தனக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய ஒன்றை, யாரோ ஒருவரின் பொருட்டு வேண்டாமென்கிறான். அவன் மலையைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. 1980-களில் செனட்டர் பில் பிராட்லி, பிளாக் ஹில்ஸில் அரசு வசமுள்ள நிலத்தைத் திருப்பித் தர ஒரு மசோதா கொண்டுவந்தார். தனியார் வீடுகளைத் தொடவில்லை, ரஷ்மோரையும் தொடவில்லை. அப்படியும் அது நிறைவேறவில்லை. அதோடு ஒப்பிட்டால் ஒரு மாதம் ஏறாமலிருப்பது அற்பம். ஆனால் அது, இது என்னுடையது மட்டுமல்ல என்று தெரிந்துகொண்டவன் செய்யும் முதல் காரியம்.

அந்த நடைபாதையில், வெயிலில், வக்கீல் சும்மா கேட்பதுபோலக் கேட்டான்: “உங்க தாத்தாவுக்கு அந்தக் கொல்லை எப்படிடா வந்துச்சு?”

“அவங்க அப்பா வாங்கினது.”

“யார்கிட்டேர்ந்து?”

தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். ஆனால் சொல்லும்போதே ஒரு குரல் ஞாபகம் வந்துவிட்டது.

கொல்லையில் தாத்தாவோடு வேலை செய்தவர் காலனியிலிருந்து வரும் ஒரு பெரியவர். என்னைவிட ஐம்பது வயது மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா, போ என்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டில் அதை யாரும் திருத்தவில்லை. மல்லாட்டை பிடுங்கும்போது பச்சைக் காயாக ஒரு கைப்பிடி எனக்குத் தருவார். ஒருமுறை நான், எங்க கொல்லை மல்லாட்டைதான் நல்லா இருக்கு என்றதற்குச் சிரித்துக்கொண்டே, “இது எங்க கொல்லைதானே சாமி” என்றார். காலமெல்லாம் உழைத்த நிலத்தின்மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். முப்பது வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மாவட்டம் அதற்குப் பெயர்போனது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம். வேறு சாதியாருக்கு அதை விற்கக்கூடாது என்பது நிபந்தனை. விற்றாலும் செல்லாது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊர்களுக்குத் தெரியும். கடனுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, மிரட்டலுக்கு ஒன்று என்று கைமாறியது. நான்கில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்ற லாரமி ஷரத்தைப் போலவே, இந்த நிபந்தனையும் காகிதத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. 1994 அக்டோபரில் பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. அன்று பஸ் ஓடவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

தாத்தாவின் கொல்லை பஞ்சமி நிலம் என்று நான் இங்கே சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் முந்தின இரவு மோட்டலில் நான் வைத்த வாதம் என்னையே திரும்பிப் பார்த்தது. அரசு தாத்தாவுக்கு அடிமாட்டு விலை நிர்ணயித்தது அநியாயம், அது அப்படியே நிற்கிறது. அந்தப் பெரியவர் சொன்னது உண்மையென்றால், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். முதல் அநியாயம் இரண்டாவதைக் கழித்துவிடாது. கோர்ட்டில் எட்டு வருடம் கிடந்த பணம் யாருடையது? தாத்தா கணக்கு தீர்ந்தது என்று கையெழுத்திட்டபோது, அது அவர் தீர்த்துவைக்கக்கூடிய கணக்காக இருந்ததா? வக்கீலுக்கு நான் சொன்ன பதில் சரியென்றால், என் இரண்டு வருடக் கட்டணத்தில் வேறொரு வீட்டுப் பிள்ளையின் கட்டணம் இருக்கிறது.

‘எல்லா நிலமும் யாரோ யாரிடமிருந்தோ எடுத்ததுதான்’ என்று சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. கடைசியாகக் கையில் வைத்திருப்பவர்தான் எப்போதும் அதைச் சொல்கிறார். அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்காக இரக்கப்படுவது எங்களைப் போன்றவர்களுக்கு இலவசம். எங்கள் பாட்டன் யாரும் கஸ்டரோடு போகவில்லை. வண்டி நிறுத்த 10 டாலர், இரக்கம் இலவசம். ஊரில் ஒரு சர்வே எண்ணை எழுதிக் கேட்பதென்றால்தான் கை நடுங்குகிறது.

திரும்பி வந்த வாரம் அப்பாவிடம் பேசினேன். கொல்லையை யாரிடமிருந்து வாங்கினோம் என்று கேட்டேன்.

“இப்ப எதுக்குடா அது? நெலமே இல்ல.”

“தெரிஞ்சுக்கத்தாம்ப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. “பத்திரம் இருந்துச்சு. தாத்தாவோட அப்பா பேர்ல கிரயம். யார் எழுதிக் குடுத்தாங்கன்னு நான் பாத்ததில்ல” என்றார். அப்புறம், நான் கேட்காமலே, அந்தப் பெரியவர் பெயரைச் சொன்னார். “அவர் பேரன் இப்ப அந்தத் தொழிற்பேட்டையிலதான் செக்யூரிட்டியா இருக்கான். காலையில வாக்கிங் போறப்ப பாப்பேன். வணக்கம் சொல்வான்.”

பெரியவரை அப்பா ‘அவர்’ என்று சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் அந்த நிலம் யார் பெயரில், எந்த வகையில் இருந்தது என்று நகல் கேட்டு மனு போடலாம். அதற்குச் சர்வே எண் வேண்டும். அப்பா, உங்களால் முடியுமானால் தேடி அனுப்புங்கள் என்று மட்டும் செய்தி போட்டுவைத்தேன். நகலில் என்ன இருந்தால் என்ன செய்யப்போகிறேன் என்று எக்செல் கேட்டான். கட்டணத்தைக் கணக்குப் போட்டு, இந்த முறை கூட்டுவட்டியில், ஒரு தொகை வரும் என்றேன். “அவங்க வாங்கலன்னா?” என்றான். அவன் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். வாங்காமலிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் அந்தக் கணக்கு என் பேரேட்டில் திறந்தே இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, வேறு எதுவும் எழுதாமல், அப்பா வாட்ஸாப்பில் சர்வே எண்ணை மட்டும் அனுப்பியிருந்தார்.